மூன்றாவது டாக்சி

முதல் டாக்சியில் பின் சீட்டுக்கு பெல்ட்டே இல்லை. இரண்டாவதில் இருந்தது, ஆனால் ஒரு முழம் வந்ததும் நின்றுகொண்டு, அதற்கு மேல் வர மாட்டேன் என்று அடம்பிடித்தது. இரண்டையும் அவள் திருப்பி அனுப்பி முடித்தபோது, ரயில் நிலைய வாசலில் டாக்சிக்கான வரிசை அவர்களுக்குப் பின்னால் பதினோரு பேராக வளர்ந்திருந்தது. பதினோரு பேரும் தன் முதுகைத்தான் பார்க்கிறார்கள் என்பது அவளுக்குத் திரும்பாமலே தெரிந்தது.

"உன்னைக் கட்டிக்கிறப்பகூட உன் பொண்டாட்டி இவ்வளவு சோதிச்சுப் பாக்கலைடா," என்று நாத்தனார் தம்பியிடம் சொன்னாள். "முதல்ல வந்ததையே பிடிச்சுக்கிட்டா."

கணவன் சிரித்தான். அக்கா கேலி செய்ததற்கும் மனைவி முறைத்ததற்கும் பொதுவான ஒரு சிரிப்பு அவனிடம் உண்டு.

நாத்தனார் ஒரு மாணவிகள் விடுதியில் வார்டன். நூற்று நாற்பது பெண்களை ஒரு மணியால் எழுப்பி, ஒரு மணியால் தூங்க வைப்பவள். தாய் இறந்தபோது தம்பிக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பத்தொன்பது. வந்த வரன்களையெல்லாம் தள்ளிப்போட்டு அவனை ஆளாக்கினாள். பிறகு வரன் வருவதே நின்றுபோனது. அதை அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டாததால்தான் அவள் பேச்சை அவனால் தட்ட முடிந்ததில்லை. தம்பியின் குழந்தை பிறந்து பத்து மாதத்தில் முதன்முறையாகத் தன் வீட்டில் ஒரு வாரம் தங்கப் போகிறது என்று, லீவு போட்டுவிட்டு ஸ்டேஷனுக்கே வந்து நின்றாள். குழந்தையை வாங்கி, "என் உருண்டை, என் வெல்ல உருண்டை" என்று கொஞ்சிக்கொண்டிருந்தவளுக்கு, தம்பி தலையில் சுமந்து வந்த பெரிய பிளாஸ்டிக் இருக்கையைப் பார்த்ததும் முகம் மாறியது.

"இது எதுக்கு? நமக்கெல்லாம் மடி இல்லையா?"

"கார்ல போறதுக்கு, அண்ணி. குழந்தையை இதுல வெச்சுக் கட்டித்தான் கூட்டிட்டுப் போகணும்."

"கட்டியா? அது என்ன தப்பு பண்ணிச்சு?"

அப்போதே ஆரம்பித்துவிட்டது.

மூன்றாவது டாக்சி புத்தம்புது சீட் உறை போட்டுக்கொண்டு பளபளவென்று வந்தது. டிரைவர் நடுத்தர வயதுக்காரர், பேச்சில் இனிமையானவர். "தாராளமா வெச்சுக்குங்க சார். உறை மட்டும் நேத்துதான் போட்டது, கீறல் விழாமப் பாத்துக்குங்க," என்றார்.

கணவன் பின் கதவைத் திறந்து உள்ளே குனிந்தான். இருக்கையை வாங்கிய அன்றே அதன் விளக்கப் புத்தகத்தை மூன்று முறை படித்தவன் அவன். காரின் பின்பக்கம் பார்த்த மாதிரி வைக்க வேண்டும், பெல்ட்டை அதைச் சுற்றி எடுத்து பக்கிளில் பூட்ட வேண்டும், 'டக்' என்று சத்தம் கேட்க வேண்டும் என்று அவளுக்கே பாடம் எடுத்தவன். அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நின்றாள். அரை நிமிடம் போனது. ஒரு நிமிடம் போனது. வரிசையை நடத்துகிற ஆள் விசில் ஊதினார். பின்னால் வந்து நின்ற டாக்சி ஹாரன் அடித்தது.

"என்னடா, உள்ளேயே குடித்தனம் வெச்சுட்டியா?"

"இதோ ஆச்சுக்கா."

"முப்பது மாடி லிஃப்டைத் தொங்க விடறவனுக்கு ஒரு நாற்காலி நிக்க மாட்டேங்குது."

"முடியலைன்னா விட்டுடுங்க, நாலாவது வண்டி பாத்துக்கலாம்," என்றாள் அவள். உதவியாகத்தான் சொன்னாள். ஆனால் வெயிலும் பசியும் சேர்ந்ததில் குரல் வேறு மாதிரி வந்தது. வரிசையில் யாரோ, "நாலாவதாம்ல," என்று முனகினார்கள்.

குனிந்திருந்த முதுகு ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு பெல்ட் இழுபட்டு இறுகும் சத்தம் கேட்டது. நெற்றி வியர்வையைச் சட்டைக் கையால் துடைத்தபடி அவன் வெளியே வந்தான்.

"ஆச்சு."

அவள் குழந்தையை உட்கார வைத்து, தோள் வார்களை மாட்டி, வாருக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு விரல்தான் நுழைகிறதா என்று பார்த்தாள். இருக்கையை அசைத்துப் பார்க்கவில்லை. அதை மாட்டியது அவன். அதற்கு மேல் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

அவர்கள் பழகியதே ஒரு லிஃப்டில்தான். அவள் லென்ஸ் பொருத்தும் மூக்குக்கண்ணாடிக் கடை ஆறாம் மாடியில். ஒரு நாள் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் நாற்பது நிமிடம் தனியாக மாட்டிக்கொண்டாள். அழுது முடித்து, கத்தி முடித்து, தரையில் உட்கார்ந்திருந்தபோது கதவுக்கு அப்பால் ஒரு குரல் வந்தது. "நான் லிஃப்ட் மெக்கானிக். இங்கேதான் இருக்கேன். அவசரப்பட மாட்டேன், அதனால கொஞ்சம் நேரம் ஆகும்." அந்த 'அவசரப்பட மாட்டேன்' என்ற சொல்லைத்தான் அவள் கல்யாணம் செய்துகொண்டாள். முகம் பிறகுதான் தெரிந்தது.

டிரைவருக்குப் பக்கத்தில் அவன் உட்கார்ந்தான். அவனுக்கு நேர் பின்னால் குழந்தையின் இருக்கை. நடுவில் அவள். மறு ஜன்னலோரம் நாத்தனார், மடியில் கைப்பை, அதன் மேல் குழந்தையின் பை, அதற்கும் மேல் ஒரு சாப்பாட்டுத் தூக்கு. கதவுகள் சாத்தப்பட்டதும் அவளுக்கு முழங்காலை அசைக்கக்கூட இடமில்லை.

நகரத்திலிருந்து நாத்தனார் வீட்டுக்குப் போக ஆற்றுக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை. உள்ளே நுழைந்து ஐந்து நிமிடத்தில் வண்டிகள் எறும்பு ஊர்கிற மாதிரி ஊர்ந்து, பிறகு நின்றேவிட்டன. தலைக்கு மேலே மஞ்சள் விளக்குகள். இருபக்கமும் ஓடு பதித்த சுவர். முன்னால் ஒரு லாரியின் பின்புறம். குழந்தை விழித்துக்கொண்டது. விளக்கைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது, கையை நீட்டியது. யாரும் தூக்கவில்லை என்று தெரிந்ததும் உதட்டைப் பிதுக்கி, மூச்சை இழுத்து, ஆரம்பித்தது.

மூடிய காருக்குள் ஒரு குழந்தை அழுவது ஒரே குழந்தை அழுவது போல இருக்காது.

"எடும்மா புள்ளைய," என்றாள் நாத்தனார்.

"வீட்டுக்குப் போனதும் எடுத்துக்கலாம் அண்ணி. கொஞ்ச நேரத்துல தூங்கிடுவா."

"வண்டிதான் நிக்குதே. நிக்கிற வண்டியில என்ன ஆகும்?"

"திடீர்னு கிளம்புவாங்க. அப்ப அவசரமா மாட்ட முடியாது."

"பூதக்கண்ணாடி வெச்சே பாத்துப் பாத்து, உனக்கு எல்லாமே பெரிசாத் தெரியுது." நாத்தனார் கதவுப் பக்கம் திரும்பி ஜன்னல் பொத்தானை அழுத்தினாள். அது இறங்கவில்லை. "காத்தாவது வரட்டும். டிரைவர், இதைத் திறங்க."

"உள்ளே புகைம்மா. குழந்தை இருக்குல்ல. வெளியே போனதும் திறந்து விடறேன்."

நாத்தனார் கதவின் பிடியை இழுத்தாள். அதுவும் திறக்கவில்லை.

"சைல்ட் லாக் போட்டிருக்கும்மா. பின் கதவு ரெண்டுமே உள்ளேயிருந்து திறக்காது. போன மாசம் ஒருத்தர் பாக்காம கதவைத் திறந்து, ஒரு பைக்காரன் கால் போச்சு. அதிலேர்ந்து நான் எடுக்கறதே இல்லை."

"நல்லா இருக்கு. எங்க ஹாஸ்டல்லகூட உள்ளேயிருந்து திறக்கலாம்," என்றாள் வார்டன். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இவனை இந்த மடியிலதான் வெச்சு எத்தனை ஊருக்குப் போயிருக்கேன். பஸ்ல, வேன்ல, லாரியிலகூட. ஒரு கீறல் பட்டிருக்குமா கேளு. உனக்கு என் மடி மேல நம்பிக்கை இல்லை, அதானே?"

"அப்படி இல்லை அண்ணி."

"வேற எப்படி?"

குழந்தைக்குத் தடுப்பூசி போடப்போனபோது அங்கிருந்த நர்ஸ் சொன்னது நினைவில் இருந்தது: வண்டி மோதினால் ஒன்பது கிலோ குழந்தை ஒன்பது கிலோவாக இருக்காது, எந்தத் தாயின் கையும் தாங்காது. ஆனால் பதினேழு வருடம் ஒரு பிள்ளையைத் தாங்கிய கையிடம் அதை எப்படிச் சொல்வது? அவள் முன் சீட்டைப் பார்த்தாள். கணவனின் பின்னந்தலை. அது திரும்பவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் லாரியின் நம்பரைப் படித்துக்கொண்டிருந்தான்.

லாரி நகர்ந்தது. டாக்சி நகர்ந்தது. லாரி சட்டென்று நின்றது. டிரைவர் பிரேக்கை மிதித்தார்.

பெரிய வேகம் ஒன்றும் இல்லை. நாத்தனாரின் மடியிலிருந்து தூக்குகூட விழவில்லை. ஆனால் குழந்தையின் இருக்கை அப்படியே வழுக்கிக்கொண்டு போய் முன் சீட்டின் முதுகில் 'டொக்' என்று முட்டியது. குழந்தை அதிர்ந்து ஒரு நொடி அழுகையை நிறுத்தியது.

அவள் இருக்கையைப் பின்னால் இழுத்துப் பிடித்தாள். மறு கை பெல்ட்டின் வழியே தடவிக்கொண்டு போனது. பெல்ட் விறைப்பாகத்தான் இருந்தது. அதன் முனை, இரண்டு மெத்தைகளுக்கும் நடுவே இடுக்கில் போய் மறைந்தது. இழுத்தாள். உலோக நாக்கு அவள் கையோடு வந்துவிட்டது. எதிலும் பூட்டியிருக்கவில்லை. சும்மா சொருகி வைத்திருந்தது.

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு ஒரு விஷயம் புரிந்தது. இருக்கை முட்டியது அவன் முதுகுத்தண்டில். அவனுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. யாராக இருந்தாலும் என்ன சத்தம் என்று திரும்பிப் பார்ப்பார்கள். அவன் திரும்பவில்லை. கழுத்து மட்டும் சிவந்து போயிருந்தது.

"என்ன ஆச்சு?" என்றாள் நாத்தனார்.

"ஒண்ணும் இல்லை அண்ணி. பை நகர்ந்துச்சு."

எப்படி அந்தப் பொய் தன் வாயிலிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டு டாக்சியைத் திருப்பி அனுப்பியவள். மடியில் வைக்க மாட்டேன் என்று அரைமணி நேரமாக மல்லுக்கு நின்றவள். இப்போது வாயைத் திறந்தால் நாத்தனார் சொல்வதற்கு ஆயிரம் இருக்கும். அவனும் அக்காவின் முன்னால் ஒன்பது வயதுப் பையனாகிவிடுவான். ஊர்ந்துதானே போகிறோம், என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். வெளியே போனதும் தண்ணீர் வாங்க வேண்டும் என்று நிறுத்தச் சொல்லலாம். அதுவரை பிடித்துக்கொள்ளலாம். இடது காலை இருக்கையின் அடியில் முட்டுக் கொடுத்தாள். இடது கையால் அதன் விளிம்பைப் பற்றினாள். குழந்தை அவள் முகத்தைப் பார்த்து அழுதது. இப்போது அவள் மடிக்கும் அந்த இருக்கைக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. இரண்டும் அவள் கைதான்.

அடைப்பு எங்கே விட்டதென்று தெரியவில்லை. திடீரென்று லாரி விலகியது. எதிரே பாதை நீளமாகத் திறந்து கிடந்தது.

"அப்பாடா," என்று டிரைவர் வேகத்தைக் கூட்டினார். "விட்டதைப் பிடிச்சுடலாம்."

விளக்குகள் ஒவ்வொன்றாகக் கடந்தன. பிறகு எண்ண முடியாதபடி ஒரே கோடாகக் கடந்தன. பக்கத்துப் பாதையில் ஒரு பஸ் அவர்களை உரசுகிற மாதிரி வந்தது. அவள் இருக்கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"மெதுவாப் போங்க," என்றாள். அழுகைச் சத்தத்தில் டிரைவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "அண்ணே, மெதுவாப் போங்க. குழந்தை சீட்டுக்கு பெல்ட் மாட்டலை."

"சார் மாட்டினாரேம்மா."

"மாட்டலைண்ணே," என்றான் கணவன். இப்போதும் அவன் முன்னால்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "பக்கிள் உறைக்கு அடியில போயிடுச்சு. கைக்கு அகப்படலை. இடுக்குல சொருகிட்டு வந்துட்டேன். நிறுத்துங்க."

"இங்க நிறுத்தினா பின்னாடி வர்றவன் நம்ம மேல ஏறிடுவான் சார்." டிரைவர் நான்கு விளக்கையும் மினுக்கவிட்டு ஓரத்துப் பாதைக்கு ஒதுங்கினார். வேகம் குறைந்தது. பின்னாலிருந்து ஹாரன்கள் தொடங்கின. "ரெண்டு நிமிஷம், வெளியே போயிடலாம். பிடிச்சுக்குங்க."

அவள் நாத்தனாரின் பேச்சுக்காகக் காத்திருந்தாள். எதைச் சொன்னாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

"தெரிஞ்சேவாடா?" என்றாள் நாத்தனார்.

"தெரிஞ்சேதான்."

"ஏன்?"

"நீ நின்னுக்கிட்டிருந்தேக்கா. அவளும் நின்னுக்கிட்டிருந்தா."

அவ்வளவுதான் சொன்னான். அக்காவைப் பற்றிய முதல் பாதி அவளுக்குப் புதிதில்லை. இரண்டாம் பாதி நெஞ்சில் வந்து குத்தியது. நாத்தனாருக்கு எது குத்தியதோ, அவள் மடியில் இருந்ததையெல்லாம் காலடியில் தள்ளினாள். உடலைத் திருப்பி, தம்பி மனைவியின் மடிக்குக் குறுக்கே இரண்டு கையையும் நீட்டி, இருக்கையின் மறு விளிம்பைப் பிடித்தாள். இரண்டு வருடத்தில் அவர்கள் இருவரும் இவ்வளவு நெருங்கி இருந்ததில்லை. நாத்தனாரின் நரைத்த வகிடு அவள் மூக்குக்குக் கீழே இருந்தது.

சுரங்கத்தின் வாயில் தெரிந்தபோது முன்னால் போன வேன் தயங்கியது. டிரைவர் பிரேக்கை லேசாகத்தான் தொட்டார். நான்கு கைகள் பிடித்திருந்தும் இருக்கை நழுவிப் போய் முட்டியது. நாத்தனாரின் வளையல் ஒன்று வளைந்தது.

"நிக்கலையே," என்றாள் நாத்தனார். யாரிடமும் சொல்லவில்லை, தன் கைகளிடம் சொன்ன மாதிரி இருந்தது. "நல்லாத்தானே பிடிச்சிருந்தேன்."

வெளியே வந்ததும் ஒரு டயர் கடையின் முன்னால் வண்டி நின்றது. டிரைவர் இறங்கி வந்து கதவுகளைத் திறந்துவிட்டார். அவள் வார்களை அவிழ்த்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் நின்றாள். கால் மரத்திருந்தது.

கணவன் உள்ளே மண்டியிட்டு உறையைத் தடவினான். "இங்கேதான் இருக்கு. உறைக்கு மேலேயே புடைச்சுத் தெரியுது. ஆனா உறையில துளை இல்லை."

"போட்டவன் பக்கிளை வெளியே எடுத்து விட்டிருக்கணும், சோம்பேறி," என்றார் டிரைவர். பிறகு தலையைச் சொறிந்தார். "நானும் பாக்கலை சார். பின்னாடி பெல்ட் யாரும் கேக்கறதில்லையே."

"பிளேடு இருக்கா?"

டிரைவர் புது உறையைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். டயர் கடைக்குப் போய் ஒரு கத்தியை வாங்கி வந்து, "நகருங்க சார். என் கையால கிழிச்சாத்தான் எனக்கு மனசு ஆறும்," என்று அவரே ஒரு கோடு கிழித்தார். பக்கிள் தலையை நீட்டியது.

"எனக்கும் ஒண்ணு கிழிங்க," என்றாள் நாத்தனார், தன் ஜன்னலோரத்தைக் காட்டி.

"உங்களுக்குமாம்மா?"

"நான் என்ன காத்துல செஞ்சவளா?"

டிரைவர் பெருமூச்சு விட்டு இரண்டாவது கோட்டையும் கிழித்தார். "நடுவுக்கும் போட்டுடறேன். மூணும் ஒரே மாதிரி இருக்கும், டிசைன்னு சொல்லிக்கலாம்."

கணவன் இருக்கையை வைத்தான். முழங்காலால் அழுத்தி, பெல்ட்டைச் சுற்றி எடுத்து, சொருகினான். 'டக்'. பின்னால் ஒரு வண்டியும் ஹாரன் அடிக்கவில்லை. அடித்திருந்தாலும் அவன் நிமிர்ந்திருக்க மாட்டான் என்று தோன்றியது. எழுந்து விலகி நின்று அவளைப் பார்த்தான்.

"அசைச்சுப் பாரு."

அவள் குழந்தையை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு வந்து, இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். கார்தான் ஆடியது.

"இனிமே ஒவ்வொரு தடவையும் அசைச்சுத்தான் பாப்பேன்," என்றாள். சண்டையாகச் சொல்லவில்லை. ஆனால் சொல்லி முடித்ததும் இருவருக்கும் ஏதோ ஒன்று கையை விட்டுப் போனது தெரிந்தது.

"பாரு," என்றான் அவன். "பாக்கணும்."

"நாலாவது வண்டின்னு நான் சொன்னது கோபத்துல இல்லை. முடியலைன்னா முடியலைன்னு எங்கிட்ட சொல்லுங்க. நான் அங்கேயே நிப்பேன், பதினோரு பேர் என்ன, நூறு பேர் பாக்கட்டும்."

அவன் தலையாட்டினான். கண் கலங்கியிருந்தது. டயர் கடைக்காரர் பார்க்கிறார் என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

குழந்தையை மறுபடி உட்கார வைத்தபோது அது உடம்பை வில்லாக வளைத்தது. வாரைக் கண்டதும் முன்பைவிட உரக்க அழுதது. நாத்தனாரின் கை தானாக முன்னால் வந்தது. பாதியில் நின்றது. பிறகு குழந்தையின் காலுறையைச் சரிசெய்துவிட்டுத் திரும்பிப் போனது.

"நீங்க நடுவுல உக்காருங்க," என்றாள் அவள் கணவனிடம். "நான் முன்னாடி உக்காந்துக்கறேன்."

அவன் அக்காவுக்கும் குழந்தைக்கும் நடுவே தன் நீளமான கால்களை மடக்கி, முழங்கால் முகவாயைத் தொட, உள்ளே நுழைந்தான். கதவுகள் சாத்தப்பட்டன. டாக்சி புறப்பட்டது.

முன் சீட்டிலிருந்து, கண்ணாடியில் அவளுக்கு அவர்கள் மூவரும் தெரிந்தார்கள். அழுகையின் நடுவே நாத்தனாரின் குரல் கேட்டது.

"நல்லாப் பிடிச்சுக்கோடா."

"பிடிக்க வேண்டியதில்லைக்கா. பெல்ட் இருக்கு."

"சரி, பிடிக்காதே."

என்றாலும் அவன் இடது கை இருக்கையின் விளிம்பிலேயே இருந்தது. சிறிது நேரத்தில் அக்காவின் கை வந்து அதன் மேல் உட்கார்ந்தது. குழந்தை வீடு வரை அழுதது. யாரும் எடுக்கச் சொல்லவில்லை.